டங்கனும் கார்னெட்டும்: ஒரே இடத்தில் ஆடியவர்கள், ஒரே வேலை செய்தவர்கள் அல்ல

கேள்வி இதுதான்: அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ-வில் ஆடிய டிம் டங்கன், கெவின் கார்னெட் இருவருக்கும் ஒரே வயது, ஒரே உயரம், இருவருமே பவர் ஃபார்வர்ட் (வளையத்துக்குப் பக்கத்தில் ஆடும் பெரிய ஆள்). வாழ்நாள் கணக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அப்படியிருக்க டங்கனுக்கு 5 என்பிஏ பட்டம், கார்னெட்டுக்கு ஒன்றே ஒன்று. இது கூட ஆடியவர்களால் வந்த வித்தியாசமா, ஆட்டத்திலேயே இருந்த வித்தியாசமா?

இரண்டும்தான். ஆனால் பட்டக் கணக்கில் ஆரம்பித்தால் பேச்சு உடனே முடிந்துவிடும், ஒன்றும் விளங்காது. அதனால் ஆட்டத்திலிருந்தே தொடங்குகிறேன்.

டங்கன் பிறந்தது 1976 ஏப்ரல் 25, கார்னெட் பிறந்தது அதே ஆண்டு மே 19. இருவரும் 6 அடி 11 அங்குலம் என்றே பதிவாகியிருக்கிறார்கள். இருவரும் ஓய்வு பெற்றது 2016-ல். 2020-ஆம் ஆண்டுக்கான ஹால் ஆஃப் ஃபேம் கௌரவப் பட்டியலில் கோபி பிரையன்ட்டோடு சேர்ந்து இடம்பெற்றதும் இருவரும்தான். டங்கன் எடுத்த புள்ளிகள் 26,496, ரீபவுண்ட் (தவறிய ஷாட்டின் பந்தைப் பிடிப்பது) 15,091. கார்னெட் 26,071, 14,662. இதுவரை பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். அடுத்த மூன்று கணக்குகளில்தான் ஆள் பிரிகிறார். பிளாக் (எதிராளி எய்த பந்தைத் தடுப்பது): டங்கன் 3,020, கார்னெட் 2,037. ஸ்டீல் (எதிராளியிடமிருந்து பந்தைப் பறிப்பது): டங்கன் 1,025, கார்னெட் 1,859. அசிஸ்ட் (கூட ஆடுபவர் புள்ளி எடுக்கக் கொடுக்கும் பாஸ்): டங்கன் 4,225, கார்னெட் 5,445.

பிளாக் அதிகம் என்றால் அந்த ஆள் வளையத்துக்குக் கீழேயே நின்றார் என்று பொருள். ஸ்டீலும் அசிஸ்ட்டும் அதிகம் என்றால் வெளியே வந்தார், பாஸ் போகும் வழியில் கை வைத்தார், தூரத்தில் நின்று பந்தைப் பிரித்துக் கொடுத்தார் என்று பொருள். டங்கன் ஓரிடத்தில் நிலையாக நின்று மற்ற நால்வரையும் தன்னைச் சுற்றி ஒழுங்காக நிற்க வைத்தவர். கார்னெட் மற்ற நால்வரும் விட்ட இடத்தையெல்லாம் ஓடி ஓடி அடைத்தவர். நான் சொல்ல வருவதன் சாரம் இவ்வளவுதான். மீதி இதன் விவரம்.

முதலில் டங்கனின் தாக்குதல். சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணிக்கு ஒரு புள்ளி கட்டாயம் வேண்டும் என்றால் செய்வது ஒன்றே ஒன்று. வளையத்தைப் பார்த்து நின்றால் இடது பக்கம், பெயிண்ட்டுக்கு (வளையத்தின் முன்னால் வண்ணம் பூசிய கட்டம்) சற்று வெளியே டங்கன் முதுகைக் கொடுத்து நிற்பார். பந்து வந்ததும் திரும்பி எதிராளியை நேருக்கு நேர் பார்ப்பார். ஒரு கால் வைத்துப் போக்குக் காட்டுவார். எதிராளி அரை அடி பின்வாங்கினால் போதும், அதே இடத்திலிருந்து பந்தைப் பலகையில் அடிப்பார். நாற்பத்தைந்து டிகிரிக் கோணம், பலகையில் வரைந்த சதுரத்தின் மேல் மூலை, அங்கிருந்து வளையத்துக்குள். பின்வாங்காமல் நெருங்கி நின்றால் தோளை உள்ளே கொடுத்துப் போய் வலது கையால் ஹூக், அதாவது தலைக்கு மேல் கையை வளைத்து எய்வது. எல்லாருக்கும் தெரிந்த ஆட்டம்தான், எதிரணிப் பயிற்சியாளர் முந்தைய நாளே படம் போட்டுக் காட்டியிருப்பார். ஆனாலும் தடுக்க முடியாது, ஏனென்றால் டங்கன் எதிராளி செய்வதைப் பார்த்துவிட்டுத்தான் தான் செய்வதை முடிவு செய்வார். அவசரம் என்பதே கிடையாது. ஷகீல் ஓநீல் அவருக்கு ‘பிக் ஃபண்டமெண்டல்’ (அடிப்படைகளில் ஊறிய பெரிய ஆள்) என்று பெயர் வைத்தது இதற்காகத்தான்.

இந்த ஆட்டத்தின் உண்மையான லாபம் டங்கன் எடுத்த புள்ளியில் மட்டும் இல்லை. தனியாள் சமாளிக்க முடியாததால் இரண்டாவது ஆள் ஓடிவந்தே ஆக வேண்டும். வந்தால் எங்கோ ஒருவன் தனியாக நிற்பான். அவன் எங்கே நிற்பான் என்பது டங்கனுக்கு முன்கூட்டியே தெரியும், ஏனென்றால் தான் நிற்கும் இடம் மாறுவதே இல்லை. 2002-03 பருவத்தில் லீக்கிலேயே மூன்று புள்ளி ஷாட் (தூரக் கோட்டுக்கு வெளியிலிருந்து எய்வது) சதவீதத்தில் முதலிடம் பிடித்தவர் ஸ்பர்ஸின் புரூஸ் போவன். ஃப்ரீ த்ரோவில் (ஃபவுலுக்குக் கிடைக்கும் தடையில்லாத ஷாட்) பாதியைக்கூடப் போடத் தடுமாறிய அதே ஆள். கார்னரில் (கோர்ட்டின் மூலை) கால் பதித்துக் காத்திருப்பார், பந்து தானாக வந்து சேரும். ஒருவனுக்கு ஒரே ஒரு வேலையைக் கொடுத்து அதில் அவனைச் சிறந்தவனாக்குவது டங்கனைப் போன்ற ஒருவர் நடுவில் இருந்தால்தான் முடியும்.

கார்னெட்டின் தாக்குதல் வேறு மாதிரி. அவர் இயல்பாக நின்ற இடம் ஃப்ரீ த்ரோ கோட்டின் முனையும் அதற்குச் சற்று வெளியேயும். அங்கிருந்து நேராக எய்யும் நீண்ட ஷாட் அவருடைய கைவசம். போஸ்ட்டில், அதாவது வளையத்துக்கு முதுகு காட்டி, ஆடினால் எதிராளியிடமிருந்து விலகிச் சாய்ந்துகொண்டே எய்வார். அந்த உயரத்தில் பந்தை அவ்வளவு மேலே கொண்டுபோய் விடுபவரை யாரும் பிளாக் செய்ய முடியாது. ஒரு பாயிண்ட் கார்ட் (பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவர்) பார்ப்பதுபோல முழுக் கோர்ட்டையும் பார்ப்பார். 2003-04 பருவத்தில் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 24.2 புள்ளி, 13.9 ரீபவுண்ட், 5 அசிஸ்ட். அந்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கே. அந்தப் பருவம் தொடங்கி தொடர்ந்து நான்கு ஆண்டு லீக்கில் ரீபவுண்ட் சராசரியில் முதலிடமும் அவர்தான்.

ஆனால் விலகிச் சாய்ந்து எய்பவனுக்கு ஃபவுல் கிடைப்பது குறைவு. தோளைக் கொடுத்து உள்ளே போகிறவனுக்கு அதிகம். டங்கன் ஃப்ரீ த்ரோவில் கொஞ்சம் சுமார்தான், வாழ்நாள் சராசரி 70 சதவீதத்தைத் தொடவில்லை. கார்னெட் 79 சதவீதத்துக்குப் பக்கத்தில். சிறப்பாகப் போடுகிறவர் கோட்டுக்குக் குறைவாகப் போனார் என்பது எனக்கு எப்போதும் வருத்தமான விஷயம். பிளே-ஆஃப் (பட்டத்துக்கான வெளியேற்றச் சுற்றுகள்) என்று வந்துவிட்டால் ஆட்டம் மெதுவாகிறது, வெளியே இடம் குறைகிறது. அப்போது எதிரணியின் பெரிய ஆளுக்கு ஃபவுல் ஏற்றி அவனைப் பெஞ்சுக்கு அனுப்பும் ஆட்டம்தான் அதிகம் செல்லும். அது டங்கனிடம் இருந்தது.

கடைசி நிமிடத்தில் கார்னெட் பொறுப்பை ஏற்பதில்லை, பந்தைத் தள்ளிவிடுகிறார் என்று, அவர் முதலில் ஆடிய மின்னசோட்டா அணியின் காலத்தில், நிறையப் பேசினார்கள். நான் அதை ஏற்கவில்லை. இரண்டு பேர் மேலே விழும்போது தனியாக நிற்பவனுக்குக் கொடுப்பதுதான் சரியான கூடைப்பந்து. டங்கனும் அதையேதான் செய்தார். பந்து போய்ச் சேர்ந்த இடத்தில் யார் நின்றார்கள் என்பதில்தான் கதை இருக்கிறது. ஸ்பர்ஸில் டோனி பார்க்கரும் மானு ஜினோபிலியும் நின்றார்கள்.

சரி, தற்காப்புக்கு வருவோம். இந்த ஒப்பீட்டிலேயே சுவையான பகுதி இதுதான். பிக் அண்ட் ரோல் என்பதை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன்: பந்து வைத்திருக்கும் கார்டுக்காக ஒரு பெரிய ஆள் வந்து குறுக்கே நின்று மறிப்பார், கார்ட் அவரை உரசிக்கொண்டு வளையத்தை நோக்கிப் புறப்படுவார். அந்த நொடியில் மறித்தவரைக் காவல் காக்கும் பெரிய ஆள் என்ன செய்கிறார் என்பதை வைத்தே அவருடைய தற்காப்பை எடை போடலாம்.

டங்கன் பின்வாங்குவார். கார்டுக்கும் வளையத்துக்கும் நடுவே, இரண்டு பேரையும் பார்க்கும்படி நின்றுகொள்வார். நீ தூரத்திலிருந்து எய்கிறாயா, எய்துகொள், உள்ளே மட்டும் வராதே என்பதுதான் அந்தக் கணக்கு. உள்ளே வந்தால் குதிக்க மாட்டார். கையை நீட்டிக்கொண்டு தரையிலேயே நிற்பார், எதிராளி குதித்த பிறகுதான் தானும் எழும்புவார். பிளாக் செய்தாலும் பந்தைப் பார்வையாளர் பக்கம் அடித்து விளாசுவது கிடையாது. மெல்லத் தட்டித் தன் ஆள் கையிலேயே சேர்ப்பார். பந்து வெளியே போனால் மறுபடி எதிரணிக்குத்தானே கிடைக்கும்? இந்தச் சிறிய கணக்கை 19 பருவம் பிசகாமல் செய்தார். ஆண்டின் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரர் விருதை அவருக்கு ஒருமுறைகூடக் கொடுக்கவில்லை. லீக் ஆண்டுதோறும் அறிவிக்கும் தற்காப்புக்கான சிறந்த அணிகளில் 15 முறை இடம்பெற்றவருக்கு இது நேர்ந்தது சரியில்லை என்றே நினைக்கிறேன். சத்தம் இல்லாத வேலை கண்ணில் படவில்லை.

கார்னெட் அதே இடத்தில் பின்வாங்க மாட்டார், வெளியே பாய்வார். மூன்று புள்ளிக் கோட்டையும் தாண்டி வந்து கார்டின் முகத்துக்கு எதிரே நிற்பார், அவனைப் பக்கவாட்டில் தள்ளுவார், தன் அணியின் கார்ட் திரும்பி வந்து சேர்ந்ததும் சுழன்று ஓடித் தன் ஆளைப் பிடித்துவிடுவார். பெரிய ஆட்களில் இந்தத் தூரத்தை இந்த வேகத்தில் போய்வர அந்தக் காலத்தில் வேறு யாராலும் முடிந்ததில்லை. ஆளை மாற்றிக்கொள்ள நேர்ந்தால் சிறிய கார்டின் எதிரிலும் குனிந்து, கால் நகர்த்தி நிற்பார்.

அப்புறம் அவர் வாய். எதிரணியில் யார் எந்தப் பக்கம் மறிக்க வருகிறார்கள் என்று முதுகு காட்டி நிற்கும் தன் ஆளுக்கு ஓயாமல் கத்திக்கொண்டே இருப்பார். நடுவர் விசில் ஊதி ஆட்டம் நின்ற பிறகும் எதிராளி சும்மா ஒரு ஷாட் போட்டுப் பார்க்க முயன்றால், ஓடிப்போய் அதையும் தடுப்பார். பந்து உள்ளே விழுவதை எதிராளி கண்ணால் பார்க்கக்கூடாது, அந்தத் தெம்பைக்கூட அவனுக்குக் கொடுக்கக்கூடாது என்பது அவருடைய பிடிவாதம். பிறகு லீக் முழுக்கப் பல பெரிய ஆட்கள் இதைப் பழக்கமாக்கிக்கொண்டார்கள்.

விதி மாற்றத்தையும் இங்கே சொல்ல வேண்டும். 2001-02 பருவத்திலிருந்து என்பிஏ பழைய ‘சட்டவிரோதத் தற்காப்பு’ விதியை நீக்கியது. அதற்கு முன் தன் ஆளை விட்டுவிட்டு நடுவில் நின்றுகொள்ள முடியாது. பிறகு நிற்கலாம், ஆனால் அருகில் யாரையும் காக்காமல் பெயிண்ட்டுக்குள் மூன்று நொடிக்கு மேல் நிற்கக்கூடாது. உள்ளே போய் வெளியே வந்து கொண்டே இருக்கும் கால்களுக்கு இந்த விதி வரம். பாஸ்டன் செல்டிக்ஸில் உதவிப் பயிற்சியாளராக இருந்த டாம் திபோடோ அமைத்த தற்காப்பு இதன் மேல் கட்டியதுதான்: பந்து இருக்கும் பக்கமே ஒருவரைக் கூடுதலாக நிறுத்துவது, பந்தைக் கோர்ட்டின் ஓரக் கோட்டுக்குத் தள்ளுவது, எதிர்ப்பக்கம் திறந்து கிடக்கும் இடத்தை நீளமான கைகளால் காப்பது. கார்னெட் இல்லாமல் அதை அப்படி ஓட்டியிருக்க முடியாது. 2006-07-ல் 24 வெற்றி, 58 தோல்வி என்றிருந்த பாஸ்டன், அவர் வந்த 2007-08-ல் 66 வெற்றி, 16 தோல்வி. ஆண்டின் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரர் விருதும் அவருக்கே கிடைத்தது, பட்டமும் வந்தது. ரே ஆலனும் அதே கோடையில்தான் வந்தார், பால் பியர்ஸ் ஏற்கெனவே இருந்தார், அதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஆனால் அந்த அணியின் முதுகெலும்பு தாக்குதல் இல்லை, தற்காப்பு.

பாஸ்டனில் நடந்த இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை. அங்கே கார்னெட்டின் சராசரி 22-லிருந்து 19-க்குக் கீழே இறங்கியது, ஆட நேரமும் குறைந்தது. கடைசி ஷாட் பியர்ஸின் வேலை, வெளியிலிருந்து எய்வது ஆலனின் வேலை. இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் பியர்ஸுக்குத்தான் போனது. கார்னெட் தன் இயல்பான வேலையை முழுமையாகச் செய்த முதல் ஆண்டு அதுதான் என்பேன். மின்னசோட்டாவில் அவர் ஓட்டைகளையும் அடைக்க வேண்டும், ஆட்டத்தையும் முடிக்க வேண்டும், பந்தையும் கொண்டுவர வேண்டும் என்ற நிலை.

இப்போது கூட ஆடியவர்கள் விஷயம். 1996-97-ல் நட்சத்திர சென்டர் (வளையத்துக்கு மிக நெருங்கி ஆடும் பெரிய ஆள்) டேவிட் ராபின்சன் காயத்தால் பெரும்பாலும் ஆடாததால் ஸ்பர்ஸ் 20 வெற்றி, 62 தோல்வி என்று விழுந்தது. அதனால்தான் 1997-ல் டிராஃப்டில் (அணிகள் முறை வைத்துப் புதிய ஆட்டக்காரர்களை எடுக்கும் நிகழ்வு) முதல் தேர்வு கிடைத்து டங்கன் வந்தார். அதாவது மோசமான அணிக்கு வரவில்லை, ஒரு வருடம் மட்டும் அடிபட்டுக் கிடந்த நல்ல அணிக்கு வந்தார். பக்கத்தில் ராபின்சன், பயிற்சியாளராக கிரெக் போபோவிச். பிறகு 57-வது தேர்வில் எடுத்த ஜினோபிலி, 28-வது தேர்வில் எடுத்த பார்க்கர். கார்னெட் 1995-ல் பள்ளிக்கூடத்திலிருந்து நேராக 5-வது தேர்வாக மின்னசோட்டாவுக்கு வந்தார். 20 ஆண்டுகளில் அப்படி வந்த முதல் ஆள். கூட ஆடிய ஸ்டீஃபன் மார்பரி 1999-ல் போய்விட்டார். ஜோ ஸ்மித் என்ற ஆட்டக்காரரோடு ரகசிய ஒப்பந்தம் போட்டது வெளிப்பட்டதால் 2000-ல் லீக் அந்த அணியின் முதல் சுற்றுத் தேர்வுகள் ஐந்தைப் பறித்தது. பின்னர் இரண்டைத் திருப்பிக் கொடுத்தாலும், ஓர் அணி வளர வேண்டிய வயதில் இளம் ஆட்களே வராமல் போனது. 1997 முதல் 2003 வரை தொடர்ந்து ஏழு ஆண்டு முதல் சுற்றிலேயே வெளியேற்றம். அதில் 1999-லும் 2001-லும் வெளியேற்றியது டங்கனின் ஸ்பர்ஸ், இரண்டு முறையும் 3-1.

சாம் கசெல், லாட்ரெல் ஸ்ப்ரீவெல் என்று இரண்டு தேர்ந்த ஆட்கள் வந்ததும் 2003-04-ல் 58 வெற்றி. சாக்ரமென்டோவுக்கு எதிரான ஏழாவது ஆட்டம் கார்னெட்டின் 28-வது பிறந்தநாளில் நடந்தது: 32 புள்ளி, 21 ரீபவுண்ட், 5 பிளாக், 4 ஸ்டீல். அடுத்த சுற்றில் கசெல் காயத்தால் தடுமாற, லேக்கர்ஸிடம் 4-2 தோல்வி. கூட ஆள் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்த ஒரு வருடமே சாட்சி.

ஆனால் இதை வைத்து டங்கனுக்கு எல்லாம் தட்டில் வந்தது என்று சொன்னால் அது அநியாயம். 2003-ஐப் பாருங்கள். ராபின்சன் ஓய்வின் விளிம்பில், பார்க்கருக்கு அப்போதுதான் 21 வயது ஆனது, ஜினோபிலிக்கு முதல் பருவம். அந்த பிளே-ஆஃப் முழுக்க டங்கனின் சராசரி 24.7 புள்ளி, 15.4 ரீபவுண்ட், 5.3 அசிஸ்ட். நியூஜெர்சி நெட்ஸுக்கு எதிரான இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டத்தில் 21 புள்ளி, 20 ரீபவுண்ட், 10 அசிஸ்ட், 8 பிளாக். ஓர் ஆளை நம்பி வென்ற பட்டங்களில் இதற்கு மேல் ஒன்றைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அணிக்குள் இருவருடைய இடமும் அவர்கள் ஆட்டத்தைப் போலவேதான். டங்கனைப் போபோவிச் எல்லார் முன்னிலையிலும் திட்டுவார், டங்கன் கேட்டுக்கொள்வார். அணியின் முதல் ஆளே கேட்டுக்கொண்டால் பன்னிரண்டாவது ஆள் எப்படி முறுக்கிக்கொள்வான்? 2012-ல் 2 கோடி டாலருக்கு மேல் இருந்த சம்பளத்தை ஒரு கோடிக்குக் கீழே இறக்கிக்கொண்டு மற்றவர்களுக்கு இடம் விட்டார். கார்னெட் அணியைச் சூட்டால் இழுத்தவர். ஆட்டத்துக்கு முன்னால் வளையத்தைத் தாங்கும் தூணின் மெத்தையில் தலையை முட்டிக்கொண்டு இறங்குவார். பயிற்சியிலும் அதே வேகம். இரண்டு வழியும் செல்லும், ஆனால் 2014-ல் 38 வயதில் ஐந்தாவது பட்டம் வாங்கிய டங்கனைப் பார்க்கும்போது, அமைதி நீண்ட நாள் தாங்கும் என்றுதான் தோன்றுகிறது.

கடைசிக் காலத்தில் இருவரும் சென்டராக மாறினார்கள். கார்னெட் 2011-12-ல் நடுவில் அந்த இடத்துக்குப் போய், பாஸ்டனை மயாமிக்கு எதிராகக் கிழக்குப் பிரிவு இறுதியின் ஏழாவது ஆட்டம் வரை கொண்டுபோனார். டங்கனின் ஒரே பலவீனமும் இந்தக் காலத்தில்தான் தெரிந்தது. 2013 இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டம், கடைசி நொடிகளில் மயாமிக்கு மூன்று புள்ளி தேவை, வெளியே காக்க வேண்டும் என்பதால் போபோவிச் டங்கனை உட்கார வைத்தார். அன்று 30 புள்ளியும் 17 ரீபவுண்டும் எடுத்த ஆள் பெஞ்சில். முதல் ஷாட் தவறியது, கிறிஸ் போஷ் ரீபவுண்ட் எடுத்தார், அதற்குள் மயாமிக்குப் போயிருந்த ரே ஆலன் கார்னரிலிருந்து போட்டார், ஆட்டம் சமன். அந்த இடத்தில் உச்சத்தில் இருந்த கார்னெட் இருந்திருந்தால் எந்தப் பயிற்சியாளரும் வெளியே எடுத்திருக்க மாட்டார்; வெளியே காக்கவும் ரீபவுண்ட் எடுக்கவும் ஒரே ஆள் போதும்.

ஆகவே கேள்விக்கு என் பதில். கையில் ஒன்றுமே இல்லாமல் புதிதாக அணி கட்டுவதாக இருந்தால் டங்கன். அவரை நட்டுவிட்டால் சாதாரண ஆட்களுக்கும் செய்ய ஒரு வேலை கிடைத்துவிடும். புள்ளி எடுக்க ஒரு நல்ல கார்டோ, ஓரத்தில் ஆடும் விங்கோ ஏற்கெனவே இருந்தால் கார்னெட், அதிலும் எல்லாரும் வெளியிலிருந்து எய்யும் இன்றைய ஆட்டத்தில் யோசிக்காமல் கார்னெட். இருவரையும் 1997-ல் இடம் மாற்றியிருந்தால் சான் அன்டோனியோவில் கார்னெட் மூன்று பட்டமாவது வாங்கியிருப்பார், மின்னசோட்டாவில் டங்கன் அந்த ஏழு முதல் சுற்றுகளில் சிலவற்றைத் தாண்டியிருப்பார், பட்டம் கடினம் என்பது என் கணிப்பு.

நேரம் இருந்தால் இரண்டு ஆட்டங்களை முழுசாகப் பாருங்கள்: 2003 இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டம், 2008 இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டம். முதலாவதில் பந்து டங்கன் கைக்குப் போனதும் மற்ற நால்வர் எங்கே நகர்கிறார்கள் என்று பாருங்கள். இரண்டாவதில் பந்தை விட்டுவிட்டு, லேக்கர்ஸ் ஒவ்வொரு முறை தாக்கும்போதும் கார்னெட்டின் கால்களை மட்டும் பாருங்கள்.